சுவர் ஓரத்து இடம்

ஜனவரி 8

அன்புள்ள டீச்சருக்கு,

நீ நலமா என்று கேட்கச் சொல்லி மகள் போனில் சொன்னாள். கேட்டுவிட்டேன். நான் நலமில்லை.

ஆறு மாசமாக நீ என் போனை எடுக்கவில்லை. எடுத்தால் நான் பேசிக்கொண்டே இருப்பேனாம், நீ கேட்டுக்கொண்டே இருக்கணுமாம், எழுதினால்தான் உன் முறை வருமாம். மகளிடம் அப்படிச் சொன்னாயாமே. சரி, எழுதுகிறேன். ஸ்டியரிங் பிடிக்கிற கைக்குப் பேனா பிடிக்க வராது என்று நினைத்துவிடாதே.

விஷயம் இதுதான். காலையில் எழுந்தால் கழுத்து வலது பக்கம் திரும்ப மாட்டேன் என்கிறது. இடுப்பு பிடித்துக்கொள்கிறது. முட்டி இரண்டும் எண்ணெய் போடாத கதவுக் கீல் மாதிரி கிறீச்சிடுகிறது. கட்டிலை விட்டு இறங்கி நேராக நிற்கவே கால் மணி நேரம் ஆகிறது. ஒன்பது மணி வாக்கில் எல்லாம் தானாக இளகிவிடுகிறது. ஆனால் ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் வகுப்பில் இருக்கும். ஸ்கூல் வேன் கிளம்புவது ஆறே முக்காலுக்கு.

டாக்டரிடம் போனேன். "எப்படிப் படுக்கிறீங்க?" என்று கேட்டார். "தூங்குறப்ப நான் எப்படிப் படுக்கிறேன்னு எனக்கெப்படி சார் தெரியும்?" என்றேன். "வீட்டில யாரையாவது கேட்டுட்டு வாங்க" என்றார். வீட்டில் யார் இருக்கிறார்கள்? அதனால் உன்னைக் கேட்கிறேன். நான் எப்படிப் படுப்பேன்?

இருபத்து மூன்று வருஷத்தில் ஒரு நாள் இடுப்பைப் பிடித்திருப்பேனா? இரும்பு உடம்பு. நீ போனதிலிருந்துதான் இந்தத் தொல்லை. மெத்தையை ஏதாவது பண்ணிவிட்டுப் போனாயா என்றுகூடப் புரட்டிப் பார்த்துவிட்டேன்.

கோபப்பட்டது போதும். ஒரு சின்ன விளையாட்டுக்கு இவ்வளவா? துணிப்பை ஒன்று, தலையணை இரண்டு என்று நீ படியிறங்கிப் போனதை அக்கா இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். போகிறவள் நகையை எடுப்பாள், பத்திரத்தை எடுப்பாள், இவள் தலையணையைத் தூக்கிக்கொண்டு போனாளே என்கிறாள்.

வந்துவிடு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


ஜனவரி 15

மதிப்புக்குரிய இரும்பு உடம்புக்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் நலமில்லை என்று படித்ததும் எனக்கு எவ்வளவு வருத்தமாக இருந்தது தெரியுமா? இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

சின்ன விளையாட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் மறந்திருப்பீர்கள், நான் மறக்கவில்லை. எனக்கு வலது தோள் இறுகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. கை காதுக்கு மேல் போகாது. வகுப்பில் கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதுவேன். கடைசி வரிசைப் பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்து எழுதுவார்கள். ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு "மேல்பாதி என்ன வாடகைக்கு விட்டிருக்கீங்களா டீச்சர்?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து உங்களிடம் சொன்னேன். நீங்கள் டிவியைப் பார்த்தபடி "நடிக்காதே" என்றீர்கள்.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். உங்கள் அக்கா வீட்டு மாடியில் பதினெட்டுப் பேர் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் எழுந்து நின்று "டீச்சர் போர்டுல எழுதுறதைப் பாருங்க" என்றீர்கள். கையைத் தூக்கினீர்கள். காது வரை வந்ததும் நிறுத்தினீர்கள். முகத்தை எட்டுக் கோணல் பண்ணி, ஐயோ அம்மா என்று சாக்பீஸைக் கீழே போடுவதுபோல் போட்டீர்கள். பதினெட்டுப் பேரும் சிரித்தார்கள். உங்கள் அக்கா மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை என்றார். நீங்கள் இன்னொரு தடவை பண்ணினீர்கள். நானும் சிரித்தேன். அதற்காகத்தான் என்னை நான் மன்னிக்கவில்லை. பதினோரு நாள் கழித்துக் கிளம்பினேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் எப்படிப் படுப்பீர்கள் என்று கேட்டால், நாலு பேர் படுக்கிற இடத்தில் ஒருவராகப் படுப்பீர்கள். அதுதான் உங்கள் நோய்க்கே காரணமாக இருக்கும். என் இடத்தில் படுத்துப் பாருங்களேன். சுவர் ஓரம், ஒரு முழ அகலம். வலது பக்கமாகச் சாய்ந்து, வலது கையை மடக்கித் தலைக்குக் கீழே வைத்து, முட்டியை வயிற்றோடு இழுத்து, சுவரைப் பார்த்து. தலையணை வேண்டாம். புரண்டுவிடாமல் இருக்க மீதிக் கட்டிலில் உங்கள் அளவுக்குக் கனமாக எதையாவது போட்டுவையுங்கள். இருபத்து மூன்று வருஷம் நான் அப்படித்தான் தூங்கினேன். எனக்கு ஒரு நோயும் இல்லை, எல்லாம் நடிப்பு என்று நீங்களே பதினெட்டுப் பேர் முன்னால் சான்றிதழ் கொடுத்திருக்கிறீர்கள். அதனால் அது ரொம்ப நல்ல முறையாகத்தான் இருக்க வேண்டும்.

தம்பி வீட்டு மாடி அறையிலிருந்து,
நடிகை


பிப்ரவரி 6

அன்புள்ள டீச்சருக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். இன்றோடு பத்தொன்பது நாள்.

பழைய வேன் சீட் ஒன்று ஷெட்டில் கிடந்தது. அதைத் தூக்கி வந்து கட்டிலில் என் பக்கம் போட்டேன். நல்ல கனம், தள்ளினாலும் நகராது. நான் சுவர் ஓரம். வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற ஆயாம்மாவிடம் உன் கடிதத்தின் அந்தப் பகுதியைப் படித்துக் காட்டினேன். "சார், அவங்க கோபத்துல எழுதியிருக்காங்க, நீங்க பாட்டுக்குச் செஞ்சு வைக்காதீங்க" என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டீச்சர் எதையும் வரிசையாகச் சொல்லுகிறவள், வலது பக்கம், வலது கை, முட்டி என்று எழுதியிருக்கிறாள், இது வைத்தியம்தான் என்றேன்.

ஆனால் குணம் தெரியவில்லை. நாலாம் நாள் விரல் மரத்துப்போயிருந்தது. உதறி உதறி உயிர் வந்தது. ஒன்பதாம் நாள் தலை சீவக் கை எழும்பவில்லை. இப்போது இடது கையால் பல் தேய்க்கிறேன், சட்டையைப் பொத்தான் போட்டபடியே தலைவழியாக மாட்டிக்கொள்கிறேன். கழுத்து முன்பு வலது பக்கம்தான் திரும்பாது. இப்போது எந்தப் பக்கமும் திரும்பாது. வேனில் ரியர்வியூ கண்ணாடிக்குப் பக்கத்தில் இன்னொரு கண்ணாடி ஒட்டியிருக்கிறேன். திருப்பத்தில் ஆயாம்மா எட்டிப் பார்த்து "வரலாம்" என்கிறாள், நான் திருப்புகிறேன். பிள்ளைகள் எனக்கு ரோபோ மாமா என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இன்னும் எத்தனை நாள் படுக்க வேண்டும்? முதலில் வலி கூடி அப்புறம் குறையுமா? அதை எழுது.

ஒன்று கேட்கணும். சுவரில், படுத்தால் முட்டி படுகிற உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் தேய்ந்து வழவழ என்று இருக்கிறது. தலைப்பக்கம் சின்னதாக இன்னொன்று. நான் இதுவரை பார்த்ததில்லை. அது நீயா?

உன் வீட்டுக்காரன்


பிப்ரவரி 11

ஐயா,

நானேதான். வேறு யார் வந்து தேய்த்துவிட்டுப் போவார்கள்?

நான் கேலியாக எழுதினேன். நீங்கள் வேன் சீட்டைத் தூக்கிவந்து போட்டிருக்கிறீர்கள். படித்ததும் முதலில் நம்பவில்லை. பிறகு புரிந்தது. எனக்கு வலியே இருந்ததில்லை என்று நீங்கள் உண்மையாகவே நம்பியிருக்கிறீர்கள். என்னைச் சீண்டுவதற்காகச் சொல்கிறீர்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். உள்ளுக்குள் தெரிந்திருக்கும் என்று ஒரு நப்பாசை வைத்திருந்தேன். அதையும் இந்தக் கடிதத்தில் பிடுங்கிப் போட்டுவிட்டீர்கள்.

அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன், வயிறு குளிர்ந்தது. இடது கையால் பல் தேய்க்கிறேன் என்ற வரியை மூன்று தடவை படித்தேன். எட்டாயிரத்துச் சொச்சம் இரவு நான் படுத்த இடம் அது. உங்களால் பத்தொன்பது நாள் தாங்கவில்லை. விரல் மரத்துப்போச்சா? நடிக்காதீர்கள். தலை சீவ முடியவில்லையா? கவனம் உங்கள் மேல் இருக்கணும் என்று பண்ணுகிறீர்கள். காலையில் எழுந்திருக்கக் கஷ்டமா? ராத்திரி சீக்கிரம் படுத்தால் எல்லாம் சரியாகிவிடும். ஞாபகம் வருகிறதா, இதெல்லாம் யார் யாருக்குச் சொன்னது என்று?

இங்கே வந்த மறுவாரமே தம்பி என்னைப் பிசியோதெரபிக்கு அழைத்துப் போனான். நம் மகள் வயசு இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. எப்படித் தூங்குவீங்க, படுத்துக் காட்டுங்க என்றாள். அங்கிருந்த பெரிய மேசையில் ஏறிப் படுத்துக் காட்டினேன். என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஆன்ட்டி, இவ்ளோ இடம் இருக்கே, ஏன் ஓரத்துக்குப் போறீங்க?" என்றாள். நான் ஓரத்துக்குப் போனது எனக்கே தெரியவில்லை. அன்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நோட்டுப்புத்தகம் எடுத்துக் குறித்துக்கொண்டிருந்த பெண் அதை மூடி வைத்துவிட்டாள்.

இப்போது இரும்பு உடம்பைப் பற்றி. நமக்குக் கல்யாணமான முதல் வருஷம் நீங்கள் தினமும் காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தீர்கள். மறந்துபோச்சா? ஒரு நாள் துவைத்த துணி மூட்டை கட்டிலிலேயே கிடந்தது. தூக்கத்தில் உங்கள் கால் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. மறுநாள் துள்ளி எழுந்தீர்கள். எனக்குப் பொறி தட்டியது. தலையணை வைத்துப் படுங்கள் என்று சொன்னேன். "கட்டிப்பிடிச்சுத் தூங்க நான் என்ன கைக்குழந்தையா?" என்றீர்கள். அதற்குப் பிறகு நான் சொல்லவில்லை. நீங்கள் தூங்கியதும் வைப்பேன், ஐந்து மணிக்கு எழும்போது எடுத்து அலமாரியில் போட்டுவிடுவேன். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. காய்ச்சலாகப் படுத்திருந்த நாளிலும் எழுந்து வைத்திருக்கிறேன். உங்கள் இரும்பு உடம்பு நான் வைத்த இரண்டு தலையணை.

துணிப்பையோடு நான் தூக்கிவந்தது அந்த இரண்டைத்தான். உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள், நன்றாகச் சிரிக்கட்டும்.

எங்கே வைத்தேன், எப்படி வைத்தேன் என்று சும்மா சொல்ல மாட்டேன். அதே மாடிக்குப் போங்கள். அதே பதினெட்டுப் பேரையும் உட்கார வையுங்கள். அவள் நடிக்கவில்லை, அவளுக்கு வலித்தது, நான்தான் பொய் சொன்னேன் என்று எழுந்து நின்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு எழுதுங்கள். அதுவரை வேன் சீட்டோடு குடித்தனம் நடத்துங்கள்.

சுவர் ஓரத்துக்காரி


பிப்ரவரி 26

டீச்சருக்கு,

இரண்டு விஷயம் எழுத வேண்டும். இரண்டும் நல்ல விஷயமில்லை.

பதினான்காம் தேதி சாயங்காலம் ஸ்கூல் கேட்டில் வேனைப் பின்னால் எடுத்தேன். ஆயாம்மா அந்தப் பக்கம் ஒரு பிள்ளையின் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். இரண்டு கண்ணாடியிலும் யாரும் இல்லை. கழுத்தைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும், திரும்பவில்லை, பார்க்கவில்லை. சக்கரத்துக்கடியில் ஏதோ நொறுங்கிய சத்தம். இறங்கி ஓடினேன். தண்ணீர் பாட்டில். அதன் சொந்தக்காரி இரண்டடி தள்ளி நின்று என்னையே பார்த்தாள். இரண்டாம் வகுப்பு. "ரோபோ மாமா, என் பாட்டில்" என்றாள். யாரும் கேட்பதற்கு முன்னால் நானே ஆபீசில் போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டேன். கழுத்து திரும்புகிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் சாவியைத் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஏப்ரல் வரை பார்ப்பார்களாம், அதற்கு மேல் வேறு ஆள் போடுவார்களாம். வேனைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும்?

இரண்டாவது, நீ சொன்ன மாடி. போன ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் சொல்லி எல்லோரையும் வரச் சொன்னேன். பதினெட்டுப் பேரில் பதினாறு பேர் வந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் எழுந்து நின்றேன். "டீச்சரைப் பத்தி ஒண்ணு சொல்லணும்" என்றேன். அதற்கே இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவளுக்கு உண்மையிலேயே வலித்தது, கை இதற்கு மேல் போகாது என்று சொல்லி என் கையைத் தூக்கிக் காட்டினேன். காது வரை வந்தது. நின்றது. உயிர் போகிற வலி. என் முகம் எப்படிப் போயிருக்கும் என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை.

கை தட்டினார்கள்.

அக்கா மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு, முன்னைவிட இப்ப பிரமாதம், அச்சு அசல் டீச்சரே, இன்னொரு தடவை பண்ணுங்க மாமா என்றார். ஐயோ, இது நடிப்பில்லை, எனக்கே வலிக்கிறது என்றேன். அதற்குத்தான் ரொம்பச் சிரித்தார்கள். அக்கா என் முதுகில் தட்டி, போதும்டா, வயித்தை வலிக்குது என்றாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். ஒருத்தர்கூட நம்பவில்லை. பதினாறு பேர், எல்லாம் என் சொந்தம்.

படியிறங்கும்போது கைப்பிடியை இடது கையால் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அன்று நீ என் பின்னால் அப்படித்தான் இறங்கி வந்தாய். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று எனக்குக் கழுத்து நன்றாகத்தான் இருந்தது.

நீ கேட்டதைச் சொன்னேன். அவர்கள் காதில் விழவில்லை. அதற்கு நான் என்ன செய்வது என்று தெரியவில்லை. தலையணையை எப்படி வைப்பாய் என்று மட்டும் எழுது. வரச் சொல்லி இந்தத் தடவை எழுதவில்லை.

வீட்டுக்காரன்


மார்ச் 3

அன்புள்ள உங்களுக்கு,

மாடியில் நடந்ததைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். தம்பி பெண்டாட்டி கீழேயிருந்து என்ன அண்ணி என்று குரல் கொடுத்தாள். நான் உட்கார்ந்து யோசித்து உங்களுக்குத் தண்டனை தேடியிருந்தாலும் இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்காது. இதை நான் செய்யவில்லை. நீங்களே பதினெட்டுப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள், அவர்கள் நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

இரண்டாம் தடவை படிக்கும்போது சிரிப்பு வரவில்லை. அந்தப் பிள்ளை நின்ற இரண்டடி தூரத்தில்தான் கண் நின்றது. சுவர் ஓரத்தில் படுங்கள் என்று எழுதியபோது நீங்கள் செய்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் செய்கிறீர்கள் என்று தெரிந்த பிறகும், கண்ணாடி ஒட்டி வேன் ஓட்டுகிறீர்கள் என்று தெரிந்த பிறகும், இன்னும் படுங்கள் என்று எழுதினேனே, அது என் தப்பு. உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பாட்டிலின் சொந்தக்காரியிடம் கேட்கிறேன். இந்தக் கடிதம் அவளுக்காக.

கவனமாகப் படியுங்கள். இந்தத் தடவை கேலி இல்லை.

முதலில் அந்த வேன் சீட்டைத் தூக்கி வெளியே போடுங்கள், ஆனால் உங்கள் கையால் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். கட்டிலின் நடுவில் படுங்கள். வலிக்கிற வலது தோள் மேல் படுக்கவே கூடாது. இடது பக்கம் சாய்ந்து படுங்கள். தலையணை தோளுக்கும் காதுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைச் சரியாக நிரப்ப வேண்டும். தலை கீழேயும் தொங்கக் கூடாது, மேலேயும் தூக்கக் கூடாது. மூக்கும் நெஞ்சும் ஒரே பக்கம் பார்த்தால் சரி. கழுத்துக்கு நேராக, உறைக்கு உள்ளே, சின்னத் துண்டு ஒன்றைச் சுருட்டி வையுங்கள். இரண்டாவது தலையணையை நெஞ்சோடு அணைத்து வலது கையை அதன் மேல் வையுங்கள், கை முன்னால் தொங்கினால் தோள் இழுக்கும். மூன்றாவது இரண்டு முட்டிக்கும் நடுவில், கணுக்கால் வரை. தலையணைகளில் உங்களுக்கு நான் வைத்தது இந்தக் கடைசி இரண்டும்தான். கழுத்துக்கு அந்தத் துண்டையும் வைப்பேன், காலையில் நானே எடுத்துத் துவைக்கப் போட்டுவிடுவேன். மல்லாந்து படுத்தால் முட்டிக்குக் கீழே ஒன்று, வலது முழங்கைக்குக் கீழே ஒன்று. குப்புறப் படுக்காதீர்கள்.

காலையில் கண் விழித்ததும் எழுந்து நிற்காதீர்கள். படுத்தபடியே ஒவ்வொரு முட்டியாக வயிற்றுப் பக்கம் மெதுவாகக் கொண்டுபோய் விடுங்கள். பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி எழுந்திருங்கள். தோளிலும் கழுத்திலும் வெந்நீர் விட்டுக் குளியுங்கள். பிறகு சுவரைப் பார்த்து நின்று, வலது கை விரல்களைப் பூச்சி ஏறுவது மாதிரி மெதுவாக மேலே ஏற்றுங்கள். வலி ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள், பல்லைக் கடித்து வீரம் காட்ட வேண்டாம். அங்கே பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். விரல் மரத்துப்போவது இன்னும் இருந்தால் டாக்டரிடம் போங்கள், தள்ளிப்போடாதீர்கள். சாவியை நீங்களே போய்க் கொடுத்தது நல்ல காரியம். அதை மட்டும் மகளிடம் பெருமையாகச் சொன்னேன்.

தலையணைகளை நீங்களே கடையில் வாங்க வேண்டும். நீங்களே தூங்கப் போகும் முன் வைத்துக்கொள்ள வேண்டும், விழித்திருக்கும்போதே, தெரிந்தே. தூங்கியபின் வந்து வைக்க ஆள் இல்லை. இனியும் இருக்காது. வரச் சொல்லி எழுதவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எழுதியிருந்தாலும் வந்திருக்க மாட்டேன். மகளிடமும் இதைச் சொல்லிவிட்டேன், அவள் அழவில்லை.

நான் இங்கே கட்டிலின் நடுவில் குறுக்காகப் படுக்கிறேன். உங்களுக்கு வைத்த இரண்டு தலையணையும் எனக்கு இருக்கின்றன. ஒன்று முட்டிக்கு, ஒன்று கைக்கு. முதல் இரண்டு மாசம் தூக்கத்தில் ஓரத்துக்கே போய்க்கொண்டிருந்தேன். இப்போது போவதில்லை.

உங்கள் கை குணமானதும் அந்த மாடிக்குப் போய் ஒரு தடவை தலைக்கு மேல் நேராகத் தூக்கிக் காட்டுங்கள். ஒருத்தரும் சிரிக்க மாட்டார்கள். அப்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள்.

பதில் வேண்டாம். நேற்று வகுப்பில் நாற்காலி போட்டு ஏறாமல், கரும்பலகையின் மேல் ஓரத்தில் தேதி எழுதினேன். கடைசி வரிசையில் யாரும் எழுந்து நிற்கவில்லை.

டீச்சர்